கப்பலேறிப் போன பருப்பும் கப்பலேறி வந்த பருப்பும்



நவராத்திரியின் ஒன்பது மாலைகளிலும் நம் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சூழ்ந்த இல்லங்களில், கொலுக் காண வருவோர்க்குச் சுண்டல் வழங்குதல் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கமாகும். ஒருநாள் கொண்டைக்கடலை, ஒருநாள் பட்டாணி, ஒருநாள் பச்சைப்பயறு, ஒருநாள் மொச்சை, ஒருநாள் காராமணி என்று முறைவைத்துச் சமைக்கும் நம் தாய்மார்கள், இவை எந்நாட்டில் விளைந்து எவ்வழியே நம் அடுக்களையை அடைந்தன என்று ஒருகால் வினவுவாராயின், விடை அவர்கட்கே வியப்பை அளிக்கும். பட்டாணி கனடாவிலோ ருஷ்யாவிலோ விளைந்ததாக இருக்கலாம்; கறுப்புக் கொண்டைக்கடலை ஆஸ்திரேலியாவினின்று வந்திருக்கலாம்; மறுநாட் காலை இட்டலிக்கென ஊறவைத்த உளுந்தோ, மியன்மா என இப்போது வழங்கும் பர்மா தேசத்து வயலில் விளைந்து, ரங்கூனில் கப்பலேறி, நம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதாக இருத்தல் மிக இயல்பே.

நம் முன்னோர் பருப்பு மூட்டைகளைக் கப்பலேற்றி அனுப்பியவர். நாமோ அவற்றைக் கப்பலிலிருந்து இறக்கிப் பெறுகின்றவர். இந்தத் திசைமாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை, வணிகத்தைக் குலத்தொழிலாகக் கொண்ட நாம் அறிந்திருத்தல் கடமையாதலின், அவ்வரலாற்றைச் சுருங்க உரைக்க இக்கட்டுரையில் முற்படுகின்றோம்.

முதற்கண், பயறு வகைகளின் பிறப்பிடத்தை அறிதல் வேண்டும். நாம் உண்பன யாவும் நம் நாட்டிற்கே உரியன என்று எண்ணுதல் தவறு. கொள்ளு, பச்சைப்பயறு, உளுந்து, துவரை ஆகிய நான்கும் பாரத நாட்டிலேயே காட்டுச் செடியாயிருந்து பயிராகத் திருந்தியவை. அவற்றுள் கொள்ளும் பச்சைப்பயறும் ஏறத்தாழ 4000 ஆண்டுகட்கு முன்னரே தென்னாட்டுப் புதிய கற்கால மக்களால் விளைவிக்கப்பட்டன என்பதற்குப் பல்லாரிக்கு அண்மையிலுள்ள சங்கனகல்லு முதலிய இடங்களில் அகழ்ந்தெடுத்த கரிந்த மணிகள் சான்றாகும். கொண்டைக்கடலை, பட்டாணி, மசூர் ஆகியவை மேற்காசியாவிலிருந்து வந்து குடியேறியவை. மசூர் என்பதையே நம்மவர் மைசூர்ப் பருப்பு என்று திரித்து வழங்குகின்றனர். மைசூர் நகரத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. காராமணி ஆப்பிரிக்கக் கண்டத்தினின்று பண்டைக்காலத்தில் வந்தது. நிலக்கடலையோ தென் அமெரிக்காவைத் தாயகமாக உடையது. ஆகவே, ஒரு நவராத்திரிச் சுண்டற் பாத்திரத்தில் மூன்று நான்கு கண்டங்கள் ஒருங்கே கொதிக்கின்றன எனின் அது மிகையன்று.

இனிக் கடல் வாணிகத்தின் தொன்மையைக் காண்போம். எகிப்து தேசத்துச் செங்கடற் கரையில் பெரெனிகே என்னும் பழைய துறைமுகம் உளது. 1994-ஆம் ஆண்டு முதல் அங்கு நிகழ்த்திய அகழ்வாய்வில், நம் நாட்டுத் தாழியொன்றில் ஏழரைக் கிலோவுக்கு மேற்பட்ட மிளகு கிடைத்தமையைப் பலரும் எடுத்துரைப்பர். ஆனால் அவ்விடத்தே பச்சைப்பயறும் அரிசியும் தேங்காயும் கிடைத்தன என்பதைக் கூறுவோர் சிலரே. மிளகு உரோமாபுரிச் செல்வர்க்குரிய சரக்கு. பச்சைப்பயறோ மரக்கலத்தில் சென்ற நம் நாட்டு மாலுமியும் வணிகனும் தமக்கெனக் கொண்டுசென்ற உணவு. அக்கரையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தலின், அப்பயற்றை உண்டவருள் தமிழரும் இருந்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தும். கீழ்த்திசையிலும் இவ்வாறே. சயாம் தேசத்துத் தீபகற்பத்தில் காவோ சாம் கேயோ என்னும் பழந்துறையில், கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டுகட்குரிய பச்சைப்பயறும் கொள்ளும் கண்டெடுக்கப்பட்டன.

இவ்விரு சான்றுகளினின்றும் ஓர் உண்மை புலனாகின்றது. மிளகும் துணியும் அயலார் விரும்பியமையால் கப்பலேறின. பருப்போ நம்மவர் கப்பலேறியமையால் அவர் பின்னே ஏறிற்று. இரண்டாயிரம் ஆண்டுப் பருப்பு வாணிகத்தின் திறவுகோல் இதுவேயாம் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்வாராக.

உள்நாட்டிலும் பருப்பு பெருமதிப்புப் பெற்றிருந்தது. அகநானூற்றில் வரும் ஒரு திருமணக் காட்சியில் உளுந்திட்டுச் சமைத்த உணவு விருந்தினர்க்குப் படைக்கப்படுகின்றது. சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்களில் நெய்யமுது, தயிரமுது என்பனவற்றோடு பருப்பமுதும் நிவந்தங்களுள் காணப்படுகின்றது. சிவகங்கைச் சீமையைச் சார்ந்த பிரான்மலையில் வணிகக் குழுவினர் 13-ஆம் நூற்றாண்டில் பொறித்த கல்வெட்டு, தம் சரக்குகளின்மீது கோயிலுக்கு விட்ட மகமையைக் கூறுமிடத்து, உப்பு, நெல், அரிசி ஆகியவற்றோடு பயறு, அவரை, துவரை ஆகியவற்றையும் வரிசைப்படுத்துகின்றது. பொதியெருதின் முதுகில் ஊர்தோறும் சென்ற இச்சரக்கே கடற்கரைப் பட்டினங்களையும் அடைந்தது.

நம் மயிலையும் அத்தகைய பட்டினங்களுள் ஒன்றேயாம். கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டினரான தாலமி என்னும் யவன ஆசிரியர் மலியர்ப்பா எனக் குறித்த வணிகத் துறை மயிலாப்பூரே என்பது அறிஞர் பலரின் துணிபு. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேசியர் இங்குச் சாந்தோம் என்னும் குடியிருப்பை அமைத்தனர். அந்நூற்றாண்டில் இங்கு வந்த செசாரே பெதெரீசி என்னும் வெனிஸ் நகர வணிகர், இக்கரையினின்று சாயத்துணி ஏற்றிக்கொண்டு பெரிய மரக்கலம் பெகு நாட்டிற்குச் சென்றதையும், அலை மோதும் கரையில் ஆணியின்றிக் கயிற்றால் தைத்த படகுகளே சரக்கை ஏற்றியிறக்கியதையும் எழுதிவைத்துள்ளார். அப்படகுகளே பிற்காலத்தில் மசூலாப் படகுகள் எனப் பெயர் பெற்றவை. பெகு என்பது பர்மாவின் பழைய துறைமுகம். ஆதலின் மயிலைக்கும் பர்மாவுக்கும் உள்ள கடல் உறவு நேற்று ஏற்பட்டதன்று.

போர்த்துக்கேசியர் நமக்கு விட்டுச்சென்ற வேறொன்றும் உண்டு. தானிய மணியைக் குறிக்க அவர்கள் வழங்கிய சொல்லையே ஆங்கிலேயர் எடுத்துக் கிராம் என்றாக்கினர். உளுந்து பிளாக் கிராம் எனவும், பச்சைப்பயறு கிரீன் கிராம் எனவும், துவரை ரெட் கிராம் எனவும், கொண்டைக்கடலை பெங்கால் கிராம் எனவும் உலகச் சந்தையில் பெயர் பெற்றமை இதனால் ஆகும். குதிரைக்கு இடப்பெற்ற கொள்ளுக்கு ஹார்ஸ் கிராம் என்றும், நம் ஊர்ப் பெயரால் மதராஸ் கிராம் என்றும் பெயர் வாய்த்தது.

19-ஆம் நூற்றாண்டில்தான் பருப்பு வாணிகம் பெருகிற்று. அதன் காரணத்தை நினைக்கும்தோறும் நெஞ்சம் கலங்குகின்றது. ஆங்கில ஆட்சிப் பகுதிகளில் 1834-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னர், கரும்புத் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களைக் கொண்டுசென்றனர். மொரீஷியஸ் தீவுக்கும், நேட்டாலுக்கும், பிற்காலத்தில் பிஜித் தீவுக்கும் சென்னையினின்று கப்பல்கள் புறப்பட்டன. நேட்டாலுக்கு முதலாவதாகச் சென்ற ட்ரூரோ என்னும் கப்பல் 1860 அக்டோபரில் சென்னையை விட்டு, நவம்பர் 16-இல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911-இல் அவ்வேற்றுமதி நிறுத்தப்படும் வரை நேட்டாலுக்குச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவருள் பெரும்பாலார் சென்னை வழியே சென்றவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்கட்கும் மலேயா இரப்பர்த் தோட்டங்கட்கும் கங்காணிகள் வழியாகச் சென்றோர் அவரினும் பன்மடங்கினர்.

இவர்கட்குத் தோட்டத்திலும் கப்பலிலும் அளக்கவேண்டிய படியில் அரிசியோடு பருப்பும் ஒப்பந்தத்தால் விதிக்கப்பட்டிருந்தது. ஆங்கிலேய எழுத்தர் அதனை டோல் என்று எழுதிவைத்தனர். தென்னாப்பிரிக்காவிலும் மொரீஷியஸிலும் அவ்வெழுத்து வழக்கு மாறாமல் இன்னும் கடைப்பலகைகளில் நிற்கின்றது. மொரீஷியஸில் தெருத்தோறும் விற்கும் டோல் பூரி அத்தீவு மக்கள் அனைவர்க்கும் பொதுவான உணவாயிற்று. ஊரையும் உறவையும் மொழியையும் கூடச் சிலர் இழந்தனர், பருப்பை இழந்தாரில்லை.

பல வாரக் கடற்பயணத்தில் பருப்பைக் காப்பது எளிதன்று. பயற்றுக்கு முதற்பகை வண்டு. இரண்டாம் பகை ஈரம். நம் நாட்டார் துவரையை நீரில் ஊறவைத்து, செம்மண் குழம்பு பூசி, வெயிலில் உலர்த்தி, திரிகையில் உடைத்துத் தோல் நீக்குவர். மண்கட்டிய பருப்பு என்று நம் பெண்மணிகள் தேடி வாங்குவது இம்முறையில் ஆக்கியதேயாம். எண்ணெய் தடவி உலர்த்தும் முறையும் உண்டு. சிறிதளவு ஆமணக்கெண்ணெய் பூசிய பருப்பை வண்டு எளிதில் அணுகாது. சென்னையில் 1861-இல் கடலுக்குள் இரும்புப் பாலம் கட்டப்படும் வரை, மூட்டைகள் மசூலாப் படகில் ஏறி, அலை நுரையைக் கடந்து, தொலைவில் நங்கூரமிட்ட கப்பலைச் சேரவேண்டும். நனைந்த மூட்டையின் நட்டம் யாரைச் சார்வது என்பதே அக்கால வணிகர்க்குப் பெருங்கவலை.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். சென்னை இராஜதானியின் பெரும் ஏற்றுமதி நிலக்கடலை அன்றோ எனின், உண்மையே. புதுச்சேரியினின்றும் சென்னையினின்றும் பிரான்சு தேசத்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகட்கு நிலக்கடலை பெருந்தொகையாகச் சென்றது. ஆனால் அஃது அயலார் ஆலைக்கு நாம் அளித்த எண்ணெய் வித்து; மார்செய் நகரத்தார் வாங்குவதை நிறுத்தின் அவ்வாணிகம் நின்றுவிடும். துவரையும் உளுந்தும் அளவில் சிறியனவாயினும், தமிழர் வாழுமிடமெல்லாம் தம் சந்தையைத் தாமே உடையனவாயிருந்தன. இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றிப் பின்னர் நிகழ்ந்ததன் பொருள் விளங்காது.

இனிப் பர்மாவின் கதைக்கு வருவோம். பர்மாவில் நம்மவர் வட்டித் தொழிலும், நெல் வாணிகமும், கூலி வேலையும் மேற்கொண்டு இலட்சக்கணக்கில் வாழ்ந்தனர். 1942 மார்ச்சு மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே தாய்நாடு திரும்ப முயன்றனர்; வழியில் மாண்டோர் பல்லாயிரவர். 1962-இல் அந்நாட்டில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, அடுத்த ஈராண்டுகளில் கடைகளும் ஆலைகளும் அரசுடைமையாக்கப்பட்டபோது, எஞ்சியிருந்தோருள்ளும் பெருந்தொகையினர் கையில் காசின்றிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். துறைமுகத்திற்கு எதிரே அமைந்த பர்மா பஜார் அவர்களின் நினைவுச்சின்னமாய் நிற்கின்றது.

மக்கள் திரும்பினர், அவர்கள் பழக்கிய வாணிகம் திரும்பவில்லை. 1988-இல் பர்மிய அரசு தன் பொருளாதாரக் கொள்கையை மாற்றியபோது, அரிசி ஏற்றுமதியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, பயறு ஏற்றுமதியைத் தனி வணிகர்க்குத் திறந்துவிட்டது. உழவர்கள் நெல்லறுத்த நிலத்தில் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் துவரையையும் விதைத்தனர். வாங்குவோர் யார்? வங்கக் கடலின் இக்கரையிலிருந்த நாமேயாம். பர்மிய மக்கள் தாம் உளுந்தை மிகுதியாக உண்பவரல்லர். அவர்கள் விளைத்த உளுந்தில் பெரும்பகுதி இந்தியாவுக்கென்றே விளைந்தது. அவ்வுளுந்தின் விலை சென்னைத் துறைமுகத்தில் சேரும் விலையாகவே வணிகர்களால் பேசப்படலாயிற்று. விருதுநகர்ச் சந்தையும் அவ்விலையை நோக்கியே அசைகின்றது.

நம் நிலம் ஏன் போதாதாயிற்று என்பதை அடுத்து ஆராய்வோம். 1960-களின் பிற்பகுதியில் தொடங்கிய பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் பெருக்கிப் பஞ்சத்தைத் தடுத்தது. அதற்கு நாம் நன்றி பாராட்டுதல் தகும். ஆனால் நீர் வளமும் உரமும் கொள்முதல் உறுதியும் அவ்விரண்டுக்கே கிடைத்தமையால், பயறு மானாவாரிக் கரம்புக்குத் தள்ளப்பட்டது. இந்தியர் ஒருவர்க்கு நாளொன்றுக்குக் கிடைத்த பருப்பு 1961-இல் 69 கிராம். 2001-இல் அது 30 கிராமாகக் குறைந்தது. மக்கள் தொகை பெருகியது. பருப்பு அதனோடு பெருகவில்லை. உலகில் மிகுதியாகப் பயறு விளைப்பதும், மிகுதியாக உண்பதும், மிகுதியாக இறக்குமதி செய்வதும் ஒரே நாடு என்னும் விந்தை இவ்வாறு நேர்ந்தது.

இக்குறையை நிரப்ப உலகம் முந்திற்று. பருப்புண்ணும் வழக்கமே பெரிதும் இல்லாத கனடா தேசத்துச் சஸ்காச்சுவன் மாகாணத்தில், 1970-களில் பல்கலைக்கழக அறிஞர்கள் மசூரைப் பண்படுத்தினர். 1978-இல் லெயர்ட் என்னும் வகையை வெளியிட்டனர். சில பத்தாண்டுகளில் அந்நாடு உலகின் தலையாய மசூர் ஏற்றுமதி நாடாயிற்று. நம் மாநில நியாய விலைக் கடைகளில் 2007 முதல் சிறப்புத் திட்டத்தின்கீழ்ப் பருப்பு வழங்கப்பட்டபோது, துவரைக்கு மாற்றாகச் சில காலங்களில் கனடா மஞ்சட்பருப்பும் அளக்கப்பட்டதை அன்பர்கள் மறந்திரார்.

இதனிடையே, விலையேற்றத்தைத் தடுக்க எண்ணிய மத்திய அரசு 2006 ஜூன் 27-இல் பயறு ஏற்றுமதியைத் தடை செய்தது. வெள்ளைக் கொண்டைக்கடலை போன்ற சில விலக்குகள் தவிர, அத்தடை 2017 நவம்பர் வரை பதினோராண்டு நீடித்தது. உள்நாட்டில் பருப்புக்குப் பஞ்சமிருக்கையில் அயல்நாட்டிற்கு அனுப்புதல் தகாது என்னும் வாதம் நியாயமுடையதே. ஆயினும் தடை விலையைக் கட்டவில்லை; 2015 அக்டோபரில் துவரம்பருப்புக் கிலோ 200 ரூபாயை எட்டியதை எல்லா இல்லத்தாரும் அறிவர். பதினோராண்டு மூடிய கதவுக்கு வெளியே, சிங்கப்பூர், மலேயா முதலிய இடங்களில் நம் சரக்குக்கிருந்த இடத்தைப் பிறர் கைக்கொள்ளல் எளிதாயிற்று. வாடிக்கை என்பது வயல் போன்றது; ஒரு போகம் தரிசாக விட்டால் களை முளைக்கும்.

அதன்பின் அரசு பிற நாடுகளோடு உடன்படிக்கை செய்து பருப்பைத் தேடலாயிற்று. 2016 ஜூலையில் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டோடு துவரைக்கு உடன்பாடு ஏற்பட்டது. 2021 ஜூனில் மியன்மாவோடு செய்த உடன்பாட்டின்படி, 2025-26 வரை ஐந்தாண்டுகட்கு ஆண்டுதோறும் இரண்டரை இலட்சம் டன் உளுந்தும் ஒரு இலட்சம் டன் துவரையும் பெற ஒப்புக்கொள்ளப்பட்டது. முன்னர்க் கூலிகளோடு துவரையை ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பிய நாடு, அக்கரையினின்றே துவரையை வரவழைக்கும் காலம் வந்ததை என்னென்பது!

இவ்வரலாற்றைக் கூறியது பழம்பெருமை பேசி மகிழ்வதற்கன்று. அயல்நாட்டு உழவனைக் குறைகூறுவதற்கும் அன்று. பர்மிய உழவனும் கனடா உழவனும் நம் பசியைத் தீர்த்தவர். அவர்பால் நமக்கு நன்றியே உரியது. ஆனால் பிறன் வயலை மட்டும் நம்பிய அடுப்பு, பிறன் நாட்டுக் கலகத்திலும் மழையிலும் அணைந்து எரியும். நம் காவிரிக் கழனிகளில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னர், தை மாதத்து ஈரத்திலேயே உளுந்தையும் பயற்றையும் தெளித்துவிடும் பழைய முறை உண்டு. உழவுச் செலவின்றி விளையும் அப்பயிர், வேர் முடிச்சுக்களால் காற்றின் சத்தை மண்ணுக்கு ஊட்டி, அடுத்த நெல்லுக்கும் உரமாகின்றது. ஆடுதுறையிலும் வம்பனிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் இதற்கேற்ற வகைகளையும், மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வகைகளையும் அளித்துள்ளன. அடையாற்றை அடுத்த தரமணியில் 1988-இல் தோன்றிய மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் புதுக்கோட்டைச் சீமைச் சிற்றூர்களில் பயறு விளைவைப் பெருக்க உழைத்துள்ளது. ஊரில் நிலமுடைய நம் அன்பர்கள், குத்தகைதாரரோடு கலந்து தை உளுந்தை மீண்டும் விதைப்பாராக.

முடிவாக ஒரு வேண்டுகோள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பழைய வீடுகள் நாள்தோறும் இடிக்கப்பட்டு அடுக்கு மாளிகைகள் எழுகின்றன. அவ்வீடுகளின் பரண்களில் நம் பாட்டன்மாரின் பேரேடுகளும், சிட்டைகளும், ஐந்தொகைக் கணக்குகளும் சிவப்புத் துணியில் கட்டிக் கிடக்கின்றன. இத்தனை கண்டி துவரை, இத்தனை மணங்கு உளுந்து, இன்ன கப்பல், இன்ன துறை, நனைந்த மூட்டை இத்தனை என்று நம் குலத்தார் கைப்பட எழுதிய கணக்குகள் அவை. ஒரு கண்டிக்கு இருபது மணங்கு, ஒரு மணங்குக்கு எட்டு வீசை என்னும் வாய்பாட்டை அறிந்தோரே அருகிவிட்ட இக்காலத்தில், அவற்றைப் படிக்க இயலாமையால் பழைய காகிதக் கடைக்காரனிடம் எடைக்குப் போடுகின்றோம். பருப்பை நிறுத்து விற்றவரின் கணக்கையே நாம் நிறுத்து விற்கின்றோம்!

வீடு வீடாகச் சென்று ஏடு தேடிய சாமிநாதையரவர்கள் பெயரால் அமைந்த நூல்நிலையம் நமக்கு அண்மையில் பெசன்ட் நகரில் உளது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உளது. எழும்பூரில் அரசின் ஆவணக் காப்பகம் உளது. கணக்கேடு வைத்திருப்போர் அவற்றை எறியுமுன் இத்தகைய இடத்து அறிஞர்க்கு ஒருமுறை காட்டுவாராக, படியெடுக்கவேனும் இசைவாராக. அரசாங்க அறிக்கைகளில் டன் கணக்கு உண்டு. ஆனால் கரையில் நின்று அலையையும் கப்பலையும் பார்த்துக் கவலையுற்ற வணிகனின் கணக்கு நம் பரணிலன்றி வேறெங்கும் இல்லை.

வரும் நவராத்திரியில் சுண்டலைக் கையில் ஏந்தும் நம் பிள்ளைகட்கு, இப்பயறு எங்கிருந்து வந்தது என்பதோடு, இஃது ஒரு காலத்தில் யாரோடு எங்குச் சென்றது என்பதையும் பெரியோர் எடுத்துரைப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயனைப் பெற்றவராவோம்.